அவித்த கச்சான்

கொழும்பில் நான் தனியாக வாடகைக்கு இருக்கும் அறைக்குப் பக்கத்து வீட்டில், இன்று காலை பூஞ்சாடிகளுக்குக் கோழி எச்சப் பசளை போட்டார்கள். நாற்றம் அறைக்குள் வந்தது. ஜன்னலைச் சாத்தப் போன கை அப்படியே நின்றுவிட்டது.

என் ஊரான செட்டிபாளையத்தில் எங்கள் வீட்டு வளவு வெறும் மணல். ஊற்றிய தண்ணீர் நிற்காது. அப்பா எங்களை விட்டுப் போனபின், அம்மா பண்ணைகளில் கோழிப் பசளை வாங்கிச் சாக்கோடு சைக்கிளில் உருட்டிவந்து, மக்கவைத்து மணலில் கலந்தார். மரவள்ளி நட்டு, வரிசைகளுக்கு இடையில் கச்சான் என்னும் நிலக்கடலை போட்டார்.

அந்த நாற்றம் என் சீருடையிலும் தலைமயிரிலும் ஏறிவிட்டது. எத்தனை தரம் குளித்தும் போகவில்லை. ஐந்தாம் வகுப்பில், மூன்று பேர் உட்காரும் வாங்கில் நான் மட்டும்தான் இருந்தேன்.

அந்த வருடம் கச்சான் நன்றாக விளைந்தது. ஒரு செடியைப் பிடுங்கினால் கை நிறைந்தது. அம்மா ஒரு பெட்டி நிறைய அவித்து என்னிடம் வகுப்புக்குக் கொடுத்துவிட்டார். எல்லாரும் என்னைச் சுற்றி நின்று தின்றார்கள். முடிந்ததும் தங்கள் வாங்குகளுக்குப் போய்விட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டார்.

"புள்ளைகள் உன்னோட இருந்தாங்களா மகள்?"

"ஓம்மா. ரெண்டு பக்கமும் இருந்தாங்க."

இன்று அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்து, அது பொய் என்று சொன்னேன்.

"எனக்கு அண்டைக்கே தெரியும் மகள். டீச்சர் சொன்னா," என்றார். "தெரிஞ்சுதான் அடுத்த போகமும் அந்தப் பசளையையே போட்டன். அந்த மணல்ல வேற என்னத்தால விளைய வைக்கிற?"



"சாப்பிட்டீங்களாம்மா?" என்று கேட்டேன்.