உப்புப் போட்டேனா?

எனக்குப் பீனிசம். மூக்கு அடைத்தே கிடக்கும். கல்யாணத்துக்கு முன்பே வாசனை போய், நாக்கில் ருசியும் போய்விட்டது. உப்பு, புளி எதுவும் தெரியாது. மிளகாய் மட்டும் எரியும். பெண் பார்க்க வந்தவர்களிடம் அம்மா இதைச் சொல்லவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

விருதுநகரில் வாழ்க்கைப்பட்டது மிளகாய் வியாபாரக் குடும்பத்தில். வீடு முழுக்க நெடி. எல்லோருமே தும்மினார்கள், என் மூக்கை யார் கவனிக்கப் போகிறார்கள்! நான் சமைத்ததை மாமியார் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு ருசி பார்த்து, கூடக் குறைய இருந்தால் சரி செய்துவிடுவார். அந்தச் சொட்டில்தான் என் பிழைப்பு ஓடியது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசியில் ஓர் ஆடி வெள்ளி. நாத்தனார் பிள்ளைக்கு மொட்டை போட இருக்கன்குடி அம்மன் கோயிலுக்குப் போனோம். ஆற்று மணலில் கிடா வெட்டிச் சமையல். அம்மனுக்குப் படைக்கிற குழம்பைப் படைக்குமுன் யாரும் ருசி பார்க்கக் கூடாது.

"ஏத்தா, இன்னைக்குக் குளம்பு ஒங் கைதான்" என்று சொல்லிவிட்டு மாமியார் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

நாத்தனாரின் புகுந்த வீட்டார் சுற்றி உட்கார்ந்து என்னையே பார்த்தார்கள். குழம்பு கொதித்தது. ஒருவர் விறகு கேட்டார், ஒருவர் தண்ணீர் கேட்டார். எடுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பியதும் சந்தேகம் வந்துவிட்டது. உப்புப் போட்டேனா, இல்லையா?

ஞாபகமே வரவில்லை. உப்புச் சட்டியில் குறைந்ததை வைத்துக் கண்டுபிடிக்கலாமென்றால், சோற்றுக்கும் கூட்டுக்குமாக ஆளாளுக்குக் கை விட்டிருந்தார்கள். வேறொருத்தி என்றால் திருட்டுத்தனமாக விரலை நக்கியாவது பார்த்திருப்பாள். எனக்கு அதற்கும் வழியில்லை. இன்னொரு தடவை போட்டால் கரிக்கும், விட்டால் சப்பென்று இருக்கும். எப்படியானாலும் சம்பந்தகாரர்கள் முன்னால் குட்டு உடையும், பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அழுகை முட்டியது. அம்மன்மேல்கூடக் கோபம் வந்தது.

அப்போதுதான் வலது கை ஆள்காட்டி விரலைப் பார்த்தேன். காலையில் கத்தரிக்காய் அரியும்போது அரிவாள்மனை கீறிய காயம். மசாலா அரைத்தது நாத்தனார். நான் கல் உப்பை அள்ளியிருந்தால் விரல் எரிந்திருக்குமே! எரியவில்லை.

அள்ளினேன். சுரீரென்றது. குழம்பில் போட்டேன்.

பந்தியில் நாத்தனாரின் மாமனார் மறுபடியும் குழம்பு கேட்டு வாங்கினார். "ருசி பாக்காமலே ஒங்க மருமக எம்புட்டுப் பக்குவமா வச்சிருக்கு!" என்றார்.

மாமியாருக்குப் பெருமை தாங்கவில்லை. "இனிமே வருசா வருசம் இவ கைதான்" என்றார்.

கடைசிப் பந்தியில் நானும் உட்கார்ந்தேன். சோற்றைப் பிசைந்ததும் குழம்பு பட்டு விரல் எரிந்தது. எனக்குத் தெரிந்த உப்பு அவ்வளவுதான்.