அரண்மனைக்கு எதிரே ஒரு சைக்கிள்

பிரசவ வலியில் இருந்த ஒரு பெண்ணை நான் சைக்கிளிலிருந்து இறக்கி நடக்க வைத்தேன். மலேசியாவில், அசாம் ஜாவா பக்கத்துத் தோட்டமொன்றில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தபோது செய்தது. தோட்டத்தை நிர்வகித்த துரையின் பங்களாவைக் கடக்கும் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போகவேண்டும் என்பது அங்கே வழக்கம். தோட்டத் தொழிலாளி முனியாண்டி தன் மனைவியைப் பின்னால் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்கு மிதித்து வந்தார்.

"வலி வந்துருச்சுங்கய்யா."

"எல்லாருக்கும் ஒரே சட்டம்தான். இறங்கு."

குழந்தை நல்லபடியாகப் பிறந்தது என்று கேள்விப்பட்டேன். அதோடு மறந்தும் போனேன்.

போன வருடம் பெர்லினில் மகள் எனக்கு ஜெர்மனி அதிபரின் மாளிகையைக் காட்டினாள். ஓர் இளவரசருக்காகக் கட்டிய வெள்ளை அரண்மனை, உச்சியில் கொடி. அண்ணாந்து பார்த்தேன். அப்போது ஒருவர் பின்னால் குழந்தையை வைத்துக்கொண்டு, மணியடித்தபடி, அதன் எதிரே சைக்கிளில் பறந்தார். காவலர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இறங்க வேண்டாமா?" என்று கேட்டுவிட்டேன்.

"எதுக்குப்பா? ரோடுதானே லா!" என்று மகள் சிரித்தாள்.

அந்த அரண்மனை எனக்கு இன்னும் பெரிதாகத் தெரிந்தது.

ஊர் திரும்பியதும் புக்கிட் பெலிம்பிங்கில் முனியாண்டியைத் தேடிப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன்.

"விடுங்கய்யா, பழைய கதை" என்றார்.

உள்ளேயிருந்து அவர் மனைவி வந்தார். "அவருகிட்ட எதுக்குக் கேக்குறீங்க? நடந்தது நானு."

அன்று அந்த அம்மாவின் முகத்தை நான் பார்க்கவேயில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கைகூப்பினேன். மன்னித்ததாக அவர் சொல்லவில்லை. நாற்காலியை என் பக்கம் நகர்த்தி, "உக்காருங்க" என்றார்.

என்னால் உட்கார முடியவில்லை.