என் இஞ்ச் டேப்பும் ஒன்பது புள்ளி ஆறும்

இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. டெக்சாஸில், ஹூஸ்டனுக்கு மேற்கே இருக்கும் கேட்டியில், எங்கள் வீட்டுக் கராஜில்தான் நடந்தது. தீபாவளிக்கு இன்னும் சில வாரங்கள் இருந்தன. காலண்டரில்தான் ஐப்பசி, கராஜுக்குள் போய் நின்றால் சித்திரை மாதிரி வேர்த்துக் கொட்டியது.

நான் கும்பகோணத்தில் பி.காம். படித்தவள். இங்கே எங்களுக்குப் பழக்கமான தமிழ்க் குடும்பங்களில் யாரைத் தொட்டாலும் என்ஜினீயர், இல்லாவிட்டால் டாக்டர். ஆளுக்கொரு பதார்த்தம் சமைத்து எடுத்துப்போகும் பாட்லக் விருந்துகளில் யாராவது "நீங்க என்ன படிச்சிருக்கீங்க?" என்று கேட்டால் "பி.காம்." என்று சொல்லும்போது என் குரல் தானாக இறங்கிவிடும். உடனே "வத்தக்குழம்பு எடுத்துக்கிட்டீங்களா?" என்று பேச்சை மாற்றிவிடுவேன். எனக்கு நன்றாக வருவது தையல். தோழிகளுக்கு ஆசைக்காகப் பிளவுஸ் தைத்துக் கொடுப்பேன். தீபாவளி வந்தால் என் தையல் மெஷினுக்கு ஓய்வே இருக்காது.

எங்கள் மகள் அப்போது பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். கேட்டுக் கெஞ்சி அட்வான்ஸ்டு ஃபிசிக்ஸ் வகுப்பில் சேர்ந்திருந்தாள். முதல் டெஸ்டில் சறுக்கிவிட்டாள். அவளுடைய டீச்சர், அடுத்து வரும் ஹோம் ப்ராஜெக்டைப் பார்த்துவிட்டுத்தான் அவளை அந்த வகுப்பிலேயே வைத்துக்கொள்வதா, சாதாரண வகுப்புக்கு மாற்றுவதா என்று முடிவு செய்வதாகச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவள் சாப்பிடும்போதுகூட ஃபிசிக்ஸ் புத்தகத்தை மூடவில்லை.

ப்ராஜெக்ட் இதுதான்: வீட்டில் இருக்கும் பொருட்களை மட்டும் வைத்துப் புவியீர்ப்பு முடுக்கத்தை அளந்து வர வேண்டும். நூலில் ஒரு குண்டைக் கட்டித் தொங்கவிட்டு ஆட்டினால், நூலின் நீளத்தையும் ஓர் ஆட்டத்துக்கு ஆகும் நேரத்தையும் வைத்து அதைக் கணக்குப் போட்டுவிடலாமாம். விடை ஒன்பது புள்ளி எட்டுக்குப் பக்கத்தில் வர வேண்டும் என்பது பள்ளிக்கூடம் போன எல்லாருக்கும் தெரியும். ஆனால் எப்படி அளந்தாய், உன் அளவை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதற்குத்தான் மதிப்பெண் என்று டீச்சர் சொல்லியிருந்தார்.

சனிக்கிழமை காலை இரண்டு கார்களையும் வெளியே நிறுத்திவிட்டுக் கராஜை லேபாக மாற்றினோம். சைக்கிள் மாட்டும் கொக்கியிலிருந்து என் தையல் நூல் தொங்கியது. நுனியில் என் கணவருக்கு ஆபீஸில் யாரோ கொடுத்து, அவர் ஒருநாளும் ஆடாத கோல்ஃப் பந்து. நீளத்தை அளக்க அவர் தன் ஸ்டீல் டேப்பை எடுத்து வந்தார். அதில் இஞ்ச் மட்டும்தான் இருந்தது, அதிலும் பதினாறில் ஒன்று, எட்டில் மூன்று என்று பின்னங்கள். மகளுக்குச் சென்டிமீட்டர் வேண்டும். நான் உடனே ஆணியில் தொங்கிய என் தையல் இஞ்ச் டேப்பை எடுத்து நீட்டினேன். கல்யாணமான புதிதில் ஊரிலிருந்து கொண்டு வந்தது. ஒரு பக்கம் இஞ்ச், மறு பக்கம் சென்டிமீட்டர். நானும் இந்த ஆராய்ச்சிக்கு உதவினேன் என்று எனக்கு அப்போதே கொஞ்சம் பெருமை.

நேரம் பார்க்கும் வேலை முதலில் கணவரிடம் இருந்தது. அவர் ஒரு கண்ணைப் பந்தின் மேலும் மறு கண்ணை ஆபீஸ் மெசேஜின் மேலும் வைத்திருந்ததால் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு நேரம் வந்தது. மகள் அவர் கையிலிருந்த ஸ்டாப்வாட்சைப் பிடுங்கி என் கையில் கொடுத்தாள். பந்து நடுவைத் தாண்டும்போது அழுத்தணும், அப்போது "சைபர்" என்று சொல்லி எண்ணத் தொடங்கணும், "ஒன்று" என்று தொடங்கினால் ஓர் ஆட்டம் குறைந்துவிடும் என்று சொல்லிக்கொடுத்தாள். நான் வாயைத் திறக்காமல் மனதுக்குள் எண்ணி அழுத்தினேன். மறுபடியும் மறுபடியும் செய்தோம். என் நேரங்கள் ஒன்றுக்கொன்று ஒட்டி ஒட்டி வந்தன. நாயோடு நடந்துபோன பக்கத்து வீட்டு அமெரிக்கர் நின்று வேடிக்கை பார்த்துவிட்டுக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனார்.

கணக்குப் போட்டால் விடை ஒன்பது புள்ளி ஆறு.

நூலைச் சின்னதாக்கினாள். ஒன்பது புள்ளி ஆறு. இன்னும் நீளமாக்கினாள். அப்போதும் அதேதான். பந்தின் நடுவரைக்கும் அளக்க வேண்டும் என்று நினைவு வைத்து அளந்தாள், கொக்கி ஆடுகிறதா என்று பார்த்தாள், நூல் நீள்கிறதா என்று பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் வரைக்கும் அந்த ஒன்பது புள்ளி ஆறு எங்களை விட்டு நகரவில்லை.

"அம்மா டைமிங் சரியாத்தான் இருக்கு. வேற ஏதோ தப்பு. ஏதோ ஒரு இன்ஸ்ட்ருமென்ட்..." என்றாள் மகள்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்," என்றார் என் கணவர். பிறகு, பாவம், அவளைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு தன் காலேஜ் வித்தையை அவிழ்த்துவிட்டார். "கண்ணா, எதுக்கு டென்ஷன்? எங்க பிராக்டிகல்ல எல்லாம் மொதல்ல ஆன்சரைப் போட்டுட்டு, அதுலேர்ந்து பின்னாடி போய்த்தான் ரீடிங் எழுதுவோம். நீளத்துல ரெண்டு சென்டிமீட்டர் கூட்டிப் போட்டுக்கோ. ஒன்பது புள்ளி எட்டு வந்துடும்."

"அப்பா, தட்ஸ் சீட்டிங்."

"சீட்டிங் இல்லம்மா, அட்ஜஸ்ட்மென்ட்."

அவள் கராஜ் தரையில் கால்களைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கண் கலங்கியிருந்தது. மறுநாள் அந்த ப்ராஜெக்டை வகுப்பில் காட்டியாக வேண்டும். தப்பான விடையோடு போனால் வகுப்பு போய்விடும் என்ற பயம் அவளுக்கு. ஆனாலும் அந்த இரண்டு சென்டிமீட்டரைக் கூட்டிப் போட அவளுக்கு மனம் வரவில்லை. அதைப் பார்த்தபோது எனக்கு அழுகையும் வந்தது, இவள் என் பெண் என்ற கர்வமும் வந்தது.

அந்த நேரம் பார்த்து அடுத்த தெருவில் இருக்கும் தோழி ஒரு பச்சைப் பிளவுஸும் கையுமாக வந்தாள். கைக்குழந்தைக்காரி. அப்போது வீட்டை விட்டு நகர முடியாது என்று தன் அளவுகளை வாட்ஸப்பில்தான் அனுப்பியிருந்தாள்.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. போன தடவை மாதிரியே இதுவும் லூஸ்."

"எவ்வளவு பிடிக்கணும்?" என்று கேட்டுக்கொண்டே துணியைப் பிடித்துப் பார்த்தேன். "முக்கால் இஞ்ச் பிடிச்சா சரியாயிடும்." வழக்கமாகச் சொல்வதுதான். சொல்லி முடித்த பிறகுதான் எனக்குச் சுருக்கென்றது.

அது என்ன, எப்போது பார்த்தாலும் முக்கால் இஞ்ச்? பியர்லாண்டில் இருக்கும் நாத்தனாருக்கும் அதேதான். ஆஸ்டின் தோழிக்கும் அதேதான். அவர்களும் போனில் அளவு சொன்னவர்கள். வீட்டுக்கு வந்து நின்று அளவு கொடுத்தவர்கள், அளவு பிளவுஸ் கொண்டுவந்து கொடுத்தவர்கள் யாரும் ஒருநாளும் லூஸ் என்று சொன்னதில்லை. இவ்வளவு வருடம் நான் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் தெரியுமா? போனில் சொல்கிறவர்களுக்கு அளவெடுக்கத் தெரியவில்லை என்று!

பிளவுஸைத் தோளில் போட்டுக்கொண்டு மகளிடம் போனேன். வீட்டுக்கு வருகிறவர்களை என் டேப்பால் அளந்து, அதே டேப்பால் துணியை வெட்டுகிறேன். டேப் தப்பாக இருந்தாலும் இரண்டு இடத்திலும் ஒரே தப்பு, அதனால் பிளவுஸ் சரியாக உட்கார்ந்துவிடும். போனில் வருவது அவர்கள் டேப்பின் அளவு, வெட்டுவது என் டேப். அதைத்தான் எனக்குத் தெரிந்த பாஷையில் சொன்னேன். "கண்ணு, அந்த டேப்பைக் கொஞ்சம் பாரேன். அதுதான் சரியில்லையோ என்னவோ."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வை இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. துள்ளி எழுந்தாள். அப்பாவின் ஸ்டீல் டேப்பைத் தரையில் நீட்டி, பக்கத்தில் என் டேப்பை வைத்தாள். என் டேப்பில் முப்பத்தாறு என்று இருந்த கோடு, ஸ்டீல் டேப்பில் கிட்டத்தட்ட முப்பத்தாறே முக்காலுக்குப் போய் நின்றது.

"ரெண்டுல எது தப்புன்னு எப்படித் தெரியும்?" என்று அவளே கேட்டாள். பதினோரு இஞ்ச் நீளம் என்று தெரிந்த பிரிண்டர் காகிதத்தையும் பள்ளி ஸ்கேலையும் எடுத்து வந்து வைத்துப் பார்த்தாள். இரண்டும் ஸ்டீல் டேப்போடு ஒத்துப்போயின. என் டேப் மட்டும் தனி ஆள்.

காரணமும் நான்தான். வீட்டில் பார்சல் பிரிக்க ஆளாளுக்கு என் கத்தரிக்கோலைத் தூக்கிக்கொண்டு போவார்கள் என்று, அந்தக் கனமான கத்தரிக்கோலை டேப்பின் நுனியில் முடிச்சுப் போட்டுக் கராஜ் ஆணியில் தொங்கவிடுவது என் வழக்கம். டெக்சாஸ் வெயிலில் இத்தனை வருடம் கத்தரிக்கோலைச் சுமந்து சுமந்து டேப் நீண்டுவிட்டிருக்கிறது. டேப் நீண்டால் அது காட்டும் அளவு குறையும், நீளம் குறைந்தால் விடையும் குறையும்.

மகள் கால்குலேட்டரைத் தட்டினாள். திடீரென்று கத்தினாள். "அம்மா! உன் பிளவுஸ் எவ்வளவு தப்போ, என் ஆன்சரும் அவ்வளவுதான் தப்பு! ரெண்டும் சேம் டூ பர்சன்ட்!"

தோழிக்கு ஒன்றும் புரியவில்லை. "அப்ப என் பிளவுஸ்ல தப்பு இருக்குங்கறீங்களா, இல்லீங்களா?" என்று கேட்டாள். நாங்கள் இருவரும் சிரித்த சிரிப்பில் என் கணவர் போனைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "அப்ப கூடம் நெஜமாவே கோணல்தானா!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

நீளத்தை மட்டும் ஸ்டீல் டேப்பால் மறுபடி அளந்தாள். இஞ்சைச் சென்டிமீட்டராக மாற்றினாள். என் நேரங்களை அப்படியே வைத்துக்கொண்டாள். ஒன்பது புள்ளி ஏழு ஒன்பது வந்தது. "எட்டுன்னே போட்டுடு, பழைய ரீடிங்கை எல்லாம் டெலீட் பண்ணிடு," என்றார் என் கணவர். மனிதர் திருந்தவே மாட்டார். அவள் இரண்டையும் செய்யவில்லை. தப்பான அளவுகள், சரியான அளவுகள், நடுவில் தப்பு எப்படிப் பிடிபட்டது என்று எல்லாவற்றையும் வரிசையாக எழுதினாள்.

மறுநாள் பெற்றோரும் வரலாம் என்று சொல்லியிருந்தார்கள். கணவருக்கு மீட்டிங். நான் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். மற்ற பிள்ளைகள் அழகழகாக ஒன்பது புள்ளி எட்டு காட்டினார்கள். என் பெண் முன்னால் போய் முதலில் காட்டியதே ஒன்பது புள்ளி ஆறு. பிறகு டேப்பை எடுத்தாள். கடைசியில் அந்தப் பச்சைப் பிளவுஸையும் எடுத்து விரித்தாள். நான் இங்கிருந்து என்னென்னவோ ஜாடை காட்டினேன், அவள் கண்டுகொள்ளவில்லை. மற்ற பிள்ளைகள் பார்ப்பார்களே என்று சாப்பாட்டு டப்பாவில் இட்லி வைத்தால்கூட வேண்டாம் என்று சொன்ன பெண் அவள். வகுப்பு முழுவதும் நிமிர்ந்து உட்கார்ந்தது.

டீச்சர் தன் மீட்டர் ஸ்கேலை டேப்புக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "இந்தத் தப்பை யார் கண்டுபிடித்தது?" என்று கேட்டார். மகள் என்னைக் கை காட்டினாள். "மை மாம். டைமிங்கும் அவங்கதான். எங்க வீட்லயே அவங்க கைதான் ஸ்டெடி."

டீச்சர் என்னை முன்னால் கூப்பிட்டார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், வீட்டுக்கு வருகிறவர்களுக்கும் போனில் அளவு அனுப்புகிறவர்களுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொன்னேன். டீச்சர் பிள்ளைகள் பக்கம் திரும்பி, தப்பான கருவி தன்னைத் தானே காட்டிக்கொடுக்காது, வேறொன்றோடு ஒப்பிட்டால்தான் மாட்டும், இதைத் தான்கூட இவ்வளவு தெளிவாக விளக்கியதில்லை என்றார். பிறகு என்னிடம், "நீங்கள் என்ஜினீயரா?" என்று கேட்டார்.

"நோ. பி.காம்.," என்றேன். அங்கே பேச்சை மாற்ற வத்தக்குழம்பு இல்லை. அதனால் நிமிர்ந்தே நின்றேன்.

மகள் அந்த வகுப்பிலேயே தொடர்ந்தாள். அந்த டேப்பை டீச்சர் கேட்டு வாங்கிக்கொண்டார். இப்போதும் அது அந்த லேபில் மீட்டர் ஸ்கேலுக்குப் பக்கத்தில் தொங்குகிறது, புதிதாக வரும் பிள்ளைகளுக்கு முதல் நாளே எடுத்துக் காட்டுகிறாராம். நான் புது டேப் வாங்கியபோது ஸ்டீல் டேப்போடு வைத்துப் பார்த்த பிறகுதான் துணியைத் தொட்டேன். தோழிக்கு அந்தப் பிளவுஸை முக்கால் இஞ்ச் பிடித்துக் கொடுத்தேன், தீபாவளிக்குக் கச்சிதமாக இருந்தது.

இன்றும் பாட்லக்கில் யாராவது என் படிப்பைக் கேட்கத்தான் செய்கிறார்கள். நானும் அதே பி.காம்.தான் சொல்கிறேன். ஆனால் அந்த வகுப்பில் என் பெண் எல்லார் முன்னாலும் என்னைக் கை காட்டிய நாளிலிருந்து, அதைச் சொல்லும்போது என் குரல் இறங்குவதில்லை.