ஆறு மூச்சு வாங்கிய மூன்று நாள்

என் தம்பி பிறப்பதற்குச் சில நாட்கள் முன்னால் என்னை எண்ணூரில் மாமா வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். ராயபுரத்தில் எங்களுக்கு ஒற்றை அறை. பிள்ளைப்பேற்றையும் என் வாயையும் சேர்த்து அந்த அறை தாங்காது என்று அம்மாவே முடிவு செய்துவிட்டாள். எனக்கு அப்போது ஒன்பது வயது. சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்த அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவர் அரை நாள் லீவு போட்டு என்னை ரயிலில் அழைத்துப் போனார். வழி முழுக்க, "அங்க போய் மாமாவ கேள்வி கேட்டே கொல்லாத" என்று சொல்லிக்கொண்டு வந்தார்.

மாமா, அம்மாவின் அண்ணன். கடலுக்குப் போகிறவர் அல்ல, ஆற்றில் வலை போடுகிறவர். எண்ணூரில் ஆறு கடலைத் தொடுவதற்கு முன்னால் ஏரி மாதிரி விரிந்து கிடக்கும். கடல் ஏறும்போது உப்புத் தண்ணீர் உள்ளே வரும், இறங்கும்போது திரும்பப் போகும். அந்தக் கலந்த தண்ணீரில்தான் இறாலும் மடவை மீனும் நண்டும் வளர்ந்தன. அத்தை வலையே இல்லாமல் இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்பாள். பிடித்ததைப் போடுவதற்குப் பறி என்று சின்னதாக ஒரு பனையோலைக் கூடை உண்டு. அதன் விளிம்பைப் பல்லால் கடித்துக்கொண்டே வேலை செய்வாள். "ஒங்க அத்த வாய மூடிகினு கீற நேரம் அது ஒண்ணுதான்" என்பார் மாமா.

ஆனால் நான் போன அந்தச் சித்திரையில் அத்தை நாள் முழுக்கப் பேசிக்கொண்டுதான் இருந்தாள். தண்ணீரில் இறங்கவே இல்லை. வீட்டில் மீன் வாசனையும் இல்லை. கேழ்வரகுக் கஞ்சியும் வெங்காயமும்தான். மீன்காரர் வீட்டுக்கு வந்து கஞ்சி குடிக்கிறோமே என்று எனக்கு உள்ளுக்குள் மனக்குறை.

ஐந்தாம் நாள் விடிந்ததும் முகம் கழுவ ஆற்றங்கரைக்குப் போனேன். தண்ணீர் மேல் முழுக்க வாய்கள். வட்ட வட்டமாக, ஆயிரக்கணக்கில், திறந்து மூடித் திறந்து மூடி. மடவை மீன்கள் எல்லாம் தலையை மேலே நீட்டிக்கொண்டு நின்றன. கையை விட்டால் ஓடவில்லை. கன்னத்தைத் தொட்டாலும் ஓடவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு ஓடி அத்தையின் பறியை எடுத்து வந்து, புளியம்பழம் பொறுக்குவது போல மீனைப் பொறுக்கினேன். கனம் தாங்காமல் இரண்டு கையாலும் இடுப்பில் இடுக்கிக்கொண்டு, வாசலில் நின்று கத்தினேன்.

"அத்த! மீனு தானா வருது!"

அத்தை சந்தோஷப்படுவாள் என்று காத்திருந்தேன். அவள் பறிக்குள் பார்த்தாள், ஆற்றைப் பார்த்தாள், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஆறு மூச்சு முட்டிகினு கீதே, மாமா எங்கடி?" என்றாள்.

மாமா ஓடி வந்தார். ஒரு கை தண்ணீரை அள்ளி மோந்து பார்த்துவிட்டுத் துப்பினார். பிறகு என்னைக் கூப்பிட்டு, பிடித்த மீனையெல்லாம் தண்ணீரிலேயே விடச் சொன்னார். சில மீன்கள் தலையை நிமிர்த்தின. சில வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. அவை ஏன் அப்படிப் படுத்திருக்கின்றன என்று நான் கேட்டபோது மாமா கடல் பக்கமாக நடக்கத் தொடங்கியிருந்தார். கேள்வி கேட்டுக் கொல்லாதே என்று நைனா சொன்னது ஞாபகம் வந்து, நானும் விட்டுவிட்டேன்.

நடந்தது இதுதான். ஆறு கடலில் சேரும் முகத்தைக் கடல் மணல் தள்ளி அடைத்துவிட்டது. வெயில் காலத்தில் அது வழக்கம்தான். ஆனால் அந்த வருஷம் மணல் திட்டு ஆள் உயரத்துக்கு எழும்பிவிட்டது. கடல் தண்ணீர் உள்ளே வந்து பல நாளாயிற்று. தேங்கிய தண்ணீர் வற்றி, சூடேறி, நாறத் தொடங்கியிருந்தது.

வெயில் ஏறுவதற்குள் ராயபுரத்து மீன் வியாபாரி ஒருவர் மாட்டு வண்டியில் ஐஸும் கூடைகளும் ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். ஆறு நாறுகிறது என்று முந்தின நாளே யார் போய்ச் சொன்னார்களோ தெரியாது. தடித்த மனிதர். கரையில் கூடியிருந்த ஊர்க்காரர்களைப் பார்த்துக் கையை விரித்தார்.

"இன்னாபா பாத்துகினு நிக்கிறீங்க? எப்டியும் சாவப் போவுது. சாவறதுக்கு முன்ன வாரிக் குடுங்க. அத்தினியும் நான் எடுத்துக்கிறேன்."

கூட்டத்தில் சிலர் வலையை எடுக்கத் திரும்பியே விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. எல்லார் வீட்டிலும் கஞ்சிதான். அத்தைதான் குறுக்கே போய் நின்றாள்.

"இன்னிக்கு எல்லாத்தையும் வாரிகினு பூட்டா ஆடி மாசம் ஆத்துல இன்னா கீது? நீ வண்டிய வேற ஊருக்கு வுட்ருவ மொதலாளி. நாங்க எங்க போறது?"

"அப்ப சும்மா பாத்துகினு இருக்கச் சொல்றியா?" என்றார் வியாபாரி.

"யாரு சும்மா இருக்கச் சொன்னா? மொகத்த வெட்டுவோம்" என்றார் மாமா.

அன்று காலையே வெட்டத் தொடங்கினார்கள். ஆண்கள் மண்வெட்டியோடு, பெண்கள் கூடையோடு. பக்கத்து உப்பளத்து ஆட்கள் உப்பு வாரும் மரப்பலகைகளோடு வந்தார்கள். நான் பறியில் மணல் சுமந்தேன். பாதி வழியிலேயே பாதி மணல் ஒழுகிவிடும். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மணல் கொதித்தது. ஈரத் துணியைக் காலில் சுற்றிக்கொண்டு நடந்தோம். சாயங்காலத்துக்குள் மார்பளவு ஆழத்தில் நீளமாக ஒரு வாய்க்கால் வந்துவிட்டது. மறுநாள் காலை போய்ப் பார்த்தால் அலை அடித்து முக்கால்வாசி மூடிக் கிடந்தது.

அதைப் பார்த்ததும் வலிமையான ஆள் ஒருவர் மண்வெட்டியைத் தூக்கி எறிந்துவிட்டு அழுதார். பெரிய ஆம்பிளை ஒருவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஆற்றில் மிதக்கும் வெள்ளை வயிறுகள் அதிகமாகியிருந்தன. வியாபாரியின் வண்டி இன்னும் அங்கேயே நின்றது. ஐஸ் உருகி அச்சாணி வழியாகச் சொட்டிக்கொண்டிருந்தது.

மாமா திட்டு மேல் ஏறிக் கடலைப் பார்த்தபடி வெகு நேரம் நின்றார். இறங்கி வந்து சொன்னார்: "நாளைக்கு அமாவாசை. காலைல கடல் நல்லா ஏறும். கடல் பக்கம் மட்டும் கரைய வுட்டுட்டு, இந்தப் பக்கம் பூரா இன்னும் ஆழமா வெட்டிகினு வருவோம். தண்ணி ஏறும்போது கரைய ஒடச்சா, அதுவே நமக்கு வெட்டிக் குடுக்கும்."

மறுபடி குனிந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து, வியாபாரி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாய்க்காலுக்குள் இறங்கினார். திட்டிக்கொண்டேதான் வெட்டினார். வெயிலைத் திட்டினார், மணலைத் திட்டினார், மாமாவைத் திட்டினார். ஆனால் நிமிரவே இல்லை. அத்தை அவருக்கும் ஒரு சொம்பு கஞ்சி கொடுத்தாள்.

அமாவாசை காலையில் ஊரே கரையில் நின்றது. அலை ஒவ்வொன்றாக மேலே ஏறி வந்தது. ஒரு பெரிய அலை விளிம்பைத் தொட்டபோது மாமா, "இப்போ!" என்று கத்தினார். நாலு பேர் கடைசிக் கரையை வெட்டிவிட்டு ஓடினார்கள். முதலில் சாக்கடை மாதிரி ஒரு சின்ன ஓட்டம். அவ்வளவுதானா என்று நினைத்தேன். அடுத்த அலை வந்தது. இரண்டு பக்கத்து மணலும் பொத்துப் பொத்தென்று சரிந்து கரைய, நுரையும் இரைச்சலுமாகக் கடல் ஆற்றுக்குள் போயிற்று. பெண்கள் குலவையிட்டார்கள். அழுத மனிதர் சிரித்தார். மாமா மணலில் மல்லாந்து படுத்துக்கொண்டார். அவருடைய மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு அத்தை பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பேசவில்லை. வாயில் பறியும் இல்லை.

நான் முழங்கால் தண்ணீரில் நின்றேன். குளிர்ந்த தண்ணீரைத் தேடி வந்த மீன்கள் என் கால்களில் மோதிக்கொண்டு போயின. உயிருள்ள, துள்ளுகிற மீன்கள். குனிந்து ஒன்றை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துவிட்டேன். என் முழங்கை நீளம் இருக்கும். மாமா எழுந்து வந்து என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார்.

"வேணாம் பாப்பா. மூச்சு வாங்கட்டும்."

"ஒண்ணே ஒண்ணு மாமா!"

"மூணு நாளைக்கு யாரும் எறங்கறதில்லனு ஊர்ல பேசிகினோம். நீயும் இப்ப இந்த ஊருதான்."

மீன் போய்விட்டது. நான் அழுத அழுகையில் வியாபாரியே வந்து சமாதானம் சொன்னார். பிறகு வெறும் கூடைகளை ஏற்றிக்கொண்டு, "நாலாம் நாளு வரேன், எனக்குத்தான் குடுக்கணும்" என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினார்.

மூன்று நாளும் கஞ்சிதான். தண்ணீர் தெளிந்துகொண்டே வந்தது. நாற்றம் போயிற்று. கரையிலிருந்து பார்த்தால் மீன் கூட்டம் நிழல் மாதிரி நகர்வது தெரியும். நான் மாமாவோடு பேசுவதை நிறுத்தியிருந்தேன். நாலாம் நாள் அத்தை பறியைக் கடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். அன்று இறால் குழம்பு. மூன்று தடவை சோறு வாங்கிக்கொண்டேன், ஆனாலும் கோபம் போகவில்லை.

தம்பி பிறந்திருக்கிறான், அம்மா நன்றாயிருக்கிறாள் என்று சொல்லிக்கொண்டு மறுநாள் நைனா வந்தார். திரும்பும் ரயிலில் அவரிடம் நடந்ததையெல்லாம் ஒப்பித்தேன். காலடியில் மீனை வைத்துக்கொண்டு கஞ்சி குடித்ததைச் சொல்லி, மாமாவுக்குப் புத்தி கொஞ்சம் மட்டுதான் என்றும் சேர்த்துக்கொண்டேன். நைனா சிரிப்பார் என்று நினைத்தேன்.

"அந்த மூணு நாளும் கரையில யாரு காவலுக்கு நின்னாங்க?" என்று கேட்டார்.

"எதுக்கு நைனா?"

"யாரும் திருட்டுத்தனமா வலை போடாம பாத்துக்கதான்."

யோசித்துப் பார்த்தேன். "யாரும் நிக்கல."

"ஒருத்தர் கூடவா?"

"நிக்கலன்னு சொல்றேனே."

நைனா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். திருவொற்றியூர் தாண்டியதும் அதையே மறுபடியும் கேட்டார். அதே பதிலைச் சொன்னேன். இவ்வளவு சின்ன விஷயத்தை இவர் ஏன் இரண்டு தரம் கேட்கிறார் என்று எனக்கு அலுப்பாக இருந்தது. பசித்த ஓர் ஊர், கையெட்டும் தூரத்தில் மீன், காவலுக்கு ஆள் இல்லை; இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது? மனிதர்கள் எல்லாரும் அப்படித்தான் இருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு, அவர் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டேன்.