பின்மண்டைக் கோடுகள்

என் அண்ணி மற்றவர்கள் தலையில் பசை தடவிச் சம்பாதிக்கிறவள். ஆஸ்பத்திரியின் இரண்டாவது மாடியில் ஜன்னல் இல்லாத ஓர் அறை. வருகிறவர்களின் மண்டையில் ஒயர்களை ஒட்டி, மூளைக்குள் ஓடும் மின்சாரத்தைத் திரையில் கோடுகளாக எடுப்பது அவள் வேலை. "கல்யாணமான நாள்லேர்ந்து என் தலையில மிளகா அரைக்கிறா, இந்த வேலை அவளுக்குத் தண்ணி பட்ட பாடு" என்று அண்ணன் கிண்டலடிப்பான்.

அவள் வேலை பழகியதே அவன் தலையில்தான். படம் பார்க்கும்போது நம் கண் ஓரிடத்தில் நிற்காது, இங்கிருந்து அங்கே தாவிக்கொண்டே இருக்கும். சிலருக்கு ஒவ்வொரு தாவலுக்கும் பின்மண்டைக் கோட்டில் ஒரு சின்ன முக்கோணம் எழும். அண்ணனுக்கு அது எடுப்பாக வரும். எதிரே ஒரு சந்தைப் படத்தை மாட்டிவிட்டு, "உங்க அண்ணன் ஒரு கடை விடாம மேயறாரு பாரு" என்று எனக்குக் காட்டிச் சிரித்திருக்கிறாள். படத்தை எடுத்துவிட்டு வெள்ளைத் தாளை மாட்டினால் முக்கோணங்கள் போய்விடும். பார்க்க ஏதாவது இருந்தால்தான் அவை வரும்.

அண்ணன் ஸ்கூல் வேன் ஓட்டினான். போன மழைக்காலத்தில் பக்கவாதம் அவன் மூளையில் பார்வைக்கான பின்பக்கத்தை அடித்தது. கைகால் பிழைத்துவிட்டது. பார்வை போய்விட்டது என்றார் மூளை டாக்டர். கண்ணில் குறையே இல்லை என்றார் கண் டாக்டர். அண்ணன் இரண்டாமவரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். "நல்லாத்தான் தெரியுது. வேன் சாவிய எங்க வெச்ச?" என்று தினமும் சண்டை. கதவில் முட்டிக்கொண்டால் கதவைத் திட்டுவான். அண்ணன் பொய் சொல்லவில்லை, தெரிவதாக நம்புவதும் இந்த நோயின் குணம்தான் என்றார் மூளை டாக்டர். எனக்கு அந்த மனிதரைக் கண்டாலே பற்றிக்கொண்டு வந்தது. அண்ணியோ சாவியை ஒளித்து வைத்துக்கொண்டே, அவன் சொல்வது நிஜமாக இருந்துவிடாதா என்று ஏங்கினாள். டாக்டரிடம் கெஞ்சி அனுமதி வாங்கி, ஒரு விடுமுறை நாளில் அவனை அந்த நாற்காலியில் உட்காரவைத்தாள்.

ஒயர்களை ஒட்டிவிட்டு அதே சந்தைப் படத்தை மாட்டினாள். "என்னங்க தெரியுது?"

"சந்தைதான். மூலையில மஞ்சக் குடைக்காரி."

நான் துள்ளிக் குதிக்காத குறை. "பாத்தீங்களா அண்ணி! நான் சொன்னேன்ல!"

அண்ணி திரையை விட்டுத் திரும்பவில்லை. நானும் எட்டிப் பார்த்தேன். நெற்றிப் பக்கத்துக் கோடுகள் கண் இங்குமங்கும் ஓடுவதைக் காட்டின. பின்மண்டைக் கோடுகளில் ஒரு முக்கோணம்கூட இல்லை. பழைய ஞாபகத்திலிருந்து சொல்லியிருக்கிறான்.

அவள் சத்தமில்லாமல் படத்தைக் கழற்றி வெள்ளைத் தாளை மாட்டினாள். "இப்ப என்ன தெரியுது?"

"வீடு. வாசல்ல ஒரு பொண்ணு பையோட நிக்குது, வேனுக்காக" என்றான் அண்ணன், துளியும் தயங்காமல். "போதுமா? சாவியக் குடு."

அந்த அறையில் முடிவை யாருக்கும் சொல்லக் கூடாது. அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். அண்ணி அவன் முன்னால் போய் நின்றாள்.

"அது வெள்ளத் தாளுங்க. அதுல ஒண்ணுமே இல்ல."

"வெளையாடாத."

"வேன்ல வர்ற புள்ளைங்க மேல சத்தியமா ஒண்ணும் இல்லீங்க."

அவன் கண்கள் தாளின் மேல் ஓடிக்கொண்டிருந்தன. அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினாள். என்னால் உட்கார முடியவில்லை. எழுந்தபோது என் நாற்காலி கிறீச்சிட்டது. அண்ணன் அந்தச் சத்தத்தின் பக்கம் திரும்பினான்.

"சாவி உன்கிட்டயே இருக்கட்டும்மா" என்றான், என்னிடம்.

சுவரோரத்திலிருந்து அண்ணி "சரிங்க" என்றாள்.