நாற்பது சிவப்புக் கதவுகள்

சித்தப்பா பிரான்சிலிருந்து லண்டனுக்கு வந்த மூன்றாம் வருஷம் கோலியர்ஸ் வுட்டில் ஒரு பேக்கரி திறந்தார். திறப்புவிழா அழைப்பிதழ்களை நானே செய்து தருவதாக அறிவித்தபோது எனக்குப் பத்து வயது. அறிவித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். யாரும் என்னைக் கேட்கவில்லை.

“எத்தனை காட் வேணும், சித்தப்பா?”

“நாற்பது செய்தால் காணும், பிள்ளை, அதுக்கு மேலை வேண்டாம்,” என்றார் அவர், கடைக் கதவுக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்துக்கொண்டே.

பள்ளிக்கூடம் ஒரு வாரம் விடுமுறை. பிறந்தநாளுக்குக் கிடைத்த ரப்பர் முத்திரைப் பெட்டி ஒன்று என்னிடம் இருந்தது. அதில் ஒரு கடைவீதி முத்திரை: நான்கு கடைகள், ஒரு விளக்குக் கம்பம், ஒரு நாய். கறுப்பு மையில் ஒற்றி அழுத்தினால் முழு வீதியும் கோடுகளாக வந்து நிற்கும். அதில் ஒரேயொரு கதவுக்கு மட்டும் சிவப்புத் தீட்டுவது என் திட்டம். மற்றதெல்லாம் வெறும் கோடாக இருந்தால், பார்ப்பவர் கண் நேரே அந்தக் கதவுக்குத்தான் போகும். இதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

முதல் நாள் ஆறு காட் பழுதாகின. மை காயுமுன் ஃபெல்ட் பேனாவால் தொட்டதும் கறுப்பு சிவப்புக்குள் இழுபட்டு, கடை தீப்பற்றியது போலாயிற்று.

“திறக்க முதலே எரிச்சுப் போட்டாய்,” என்றான் அண்ணா.

அவனோடு சண்டை பிடிக்க எனக்கு நேரமில்லை. கலர் பென்சிலுக்கு மாறினேன். ஒற்றிய காட்டுகளை ரேடியேட்டருக்கு மேல் பரப்பிக் காயவைத்தேன். பென்சிலை அடிக்கடி கூராக்கி, கோட்டைத் தாண்டாமல் ஒவ்வொரு கதவாகத் தீட்டினேன். உள்ளே ‘எங்கள் கடைக்கு வாருங்கள்’ என்று எழுதினேன். இரண்டில் ‘ங்’ விடுபட்டுப்போக, அவற்றைக் கிழித்துவிட்டு மறுபடி செய்தேன். வெள்ளிக்கிழமை, நடுவிரல் வீங்கியிருக்க, நாற்பதையும் ஒரு சப்பாத்துப் பெட்டியில் அடுக்கிச் சித்தப்பாவிடம் கொடுத்தேன். மேலே இருந்ததை எடுத்து அவர் கனநேரம் பார்த்தார்.

“கதவு வடிவாயிருக்கு,” என்றார்.

அழைப்புக் காட்டோடு வருபவர்களுக்கு, மீன் கறி வைத்துச் சுட்ட மாலுபாண் ஆளுக்கு இரண்டு இலவசம் என்று ஏற்பாடு. ஆகவே திறப்புவிழா அன்று வாசலிலேயே நின்று எல்லோருடைய கைகளையும் பார்த்தேன். எல்லாக் கைகளிலும் பளபளவென்று அச்சடித்த காட். பொன் எழுத்து, மூலையில் பிள்ளையார். என்னுடையது ஒன்றுகூட இல்லை. அம்மாவிடம் ஓடினேன்.

“பேசாமல் நில்லு. பிறகு சொல்லுறன்,” என்றார் அம்மா.

கூட்டம் குறைகிற நேரத்தில் பெரியப்பா வந்தார். அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் மூத்தவர். பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் போய்விடக்கூடிய நோர்பரியில்தான் வீடு. ஆனால் அப்பாவும் சித்தப்பாவும் அவரோடு கதைப்பதில்லை; அவரை நான் அதுவரை படங்களில் மட்டுமே பார்த்திருந்தேன். அவர் கையில் என் காட் இருந்தது.

கடைக்குள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சித்தப்பா மாக் கையோடு வெளியே வந்தார்.

“வாங்கோ, அண்ணை.”

“பிள்ளை கூப்பிட்டிருக்கிறா. அதுதான் வந்தனான்,” என்றார் பெரியப்பா.

பிறகு அப்பாவும் சேர்ந்துகொள்ள, மூன்று பேரும் அடுப்பைப் பார்க்கிற சாட்டில் உள்ளே போனார்கள். நெடுநேரம் திரும்பி வரவில்லை.

வீட்டுக்குப் போகும்போது காரில் அழுதேன். “நாற்பதிலை ஒண்டைத்தான் குடுத்திருக்கிறார்.”

“ஒண்டு காணும்,” என்றார் அம்மா.

எனக்குக் காணவில்லை. அடுத்த ஞாயிறு பெரியப்பா எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். சித்தப்பாவும் வந்திருந்தார். சித்தப்பா என்னைத் தன் பக்கத்தில் வந்து இருக்கச் சொன்னார். நான் அசையவில்லை.

“நான் சித்தப்பாவோடை கோபம். இனி ஒருநாளும் கதைக்க மாட்டன்,” என்றேன்.

மேசையைச் சுற்றியிருந்த அந்த மூன்று பெரிய மனிதர்களும் ஏன் ஒரே நேரத்தில் தலை குனிந்துகொண்டார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.