சீட்டுப் பையும் சுக்கானும்

எர்மினியா தகாதுவார் சொலினாப் (1961–2022). பிறந்ததும் வாழ்ந்ததும் இலோயிலோவுக்கு எதிரேயுள்ள கினாலுபன் தீவில்.

அத்தீவில் வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டுக் கப்பலில் இருந்தார். 1998ஆம் ஆண்டு அவர்கள் அனைவரும் சேர்ந்து ஊருக்கென ஒரு பயணிகள் படகு வாங்கித் தந்தார்கள். பழைய படகு உளுத்துப்போய்க் கரையேறி ஓராண்டாகியிருந்தது. புதியதற்கு இருபுறமும் மூங்கில் மிதவை. முகப்பில் மஞ்சள் எழுத்தில் பெயர். பாதிரியார் புனித நீர் தெளித்தார். பன்றி வாட்டி ஊரே உண்டது. மறுநாள்தான் உண்மை உறைத்தது. உரிமம் உள்ள படகோட்டி ஒருவர்கூட ஊரில் இல்லை.

"உலகத்துக் கப்பலெல்லாம் நம்ம ஆம்பளைங்கதான் ஓட்டுறாங்களாம். வாசல்ல நிக்கிற படகைத் தள்ள ஆளில்ல பாரு," என்றாள் பக்கத்து வீட்டு டெல்யா.

எர்மினியாவுக்குச் சிரிப்பு வரவில்லை. படகில் சீட்டுக் கிழிக்கும் வேலை அவருக்கென்று பேசியிருந்தார்கள். கணவர் ஃபாஸ்டினோ கப்பல் சமையற்காரர். மூன்று பிள்ளைகளின் படிப்புக்கு அவர் அனுப்பியது போதவில்லை. ஜூன் முப்பதுக்குள் படகு ஓடாவிட்டால் வழித்தட அனுமதி ரத்தாகும். பிறகு எர்மினியாவும் ஹாங்காங்குக்கு வீட்டுவேலைக்குப் போகவேண்டியதுதான். அதற்கான விண்ணப்பம் பூர்த்தியாகி அலமாரியில் இருந்தது.

ஜூன் இருபத்தைந்தாம் தேதி, வெளிநாட்டுக் கப்பலை ஓட்டும் உள்ளூர்க்காரர் கேப்டன் அன்செல்மோ விடுப்பில் வந்திறங்கினார். ஊர் துள்ளிக் குதித்தது. மறுநாளே, ஆய்வு அதிகாரி உடன் வர, சோதனை ஓட்டம். டெல்யா உட்பட ஊரார் முப்பது பேர் மீன்கூடையும் சேவலுமாக ஏறிக்கொண்டார்கள். வெள்ளைச் சட்டையில் கேப்டன் சுக்கானைப் பிடித்தார். சீட்டுப் பையுடன் அருகில் நின்றார் எர்மினியா. சிறு வயது முதல் தந்தையுடன் துடுப்புப் போட்ட நீர்வழி அது.

"நொங், வலப்பக்கம் ஒதுங்குங்க. எதிர்ல மணல் திட்டு இருக்கு," என்றார், அண்ணன் முறை வைத்து மரியாதையாகவே.

"எனக்கே வழி சொல்றியா? நான் நீந்திப் பழகின தண்ணி இது."

"நீங்க நீந்துனப்போ திட்டு அந்தப் பக்கம் இருந்துச்சு. ரெண்டு பெரும்புயல் அடிச்சு அது நகர்ந்துபோச்சு."

"மலாக்கா நீரிணையில ரெண்டு லட்சம் டன்னு ஓட்டினவன் நான்."

"மலாக்காவுல இந்தத் திட்டு இல்லையே, நொங்."

அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டார். அடுத்த கணம் 'சரக்' என்ற ஓசையுடன் படகு நின்றுவிட்டது. நீர் வற்றிக்கொண்டிருந்த வேளை. கால்மணி நேரம் தாமதித்தாலும் மாலை வரை திட்டின்மேல்தான். சோதனையில் தோல்வி என்று எழுத அதிகாரி பேனாவைத் திறந்தார்.

எர்மினியா சீட்டுப் பையைக் கேப்டனின் கையில் திணித்தார்.

"எல்லாரும் பின்னால போங்க. டெல்யா, அந்த மீன்கூடையையும் தூக்கு. சேவலையும் விடாதே. எஞ்சினைப் பின்னோக்கி ஓட்டுங்க!"

முப்பது பேரும் பின்பக்கம் நெருக்கியடித்தார்கள். மூங்கில்கள் முனகின. முகப்பு மெல்ல எழுந்தது. படகு மணலை உரசியவாறே பின்வாங்கி ஆழத்தில் மிதந்தது. சுக்கானை வளைத்து எர்மினியா திட்டைச் சுற்றிக்கொண்டு போனார்.

"உரிமம் இருக்காம்மா?" என்றார் அதிகாரி.

"இல்லீங்க. துடுப்புதான் இருக்கு."

"திங்கட்கிழமை தேர்வு. காலையில முதல் ஆளா வந்து நில்லுங்க."

கேப்டன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "சரி, அதுவரைக்கும் சீட்டு நான் கிழிக்கிறேன். யாரும் கடன் சொல்லாதீங்க."

தேர்வில் வென்ற மறுநாள், ஜூன் முப்பதாம் தேதி காலை ஐந்தரைக்கு, ஊரே கரையில் திரண்டு கைதட்ட, எர்மினியா படகை எடுத்தார். ஹாங்காங் விண்ணப்பத்தின் பின்பக்கத்தில் படகுநேரங்களை எழுதித் துறையில் ஒட்டினார்கள். கேப்டன் விடுப்பு முடியும்வரை சீட்டுக் கிழித்துவிட்டுக் கப்பலேறினார்.

எர்மினியாவிடம் பழகி உரிமம் பெற்றவர் பதினொருவர். அவர்களில் ஒன்பது பேர் அந்த அனுபவத்தைக் காட்டியே வெளிநாட்டுக் கப்பலில் வேலை வாங்கிக்கொண்டார்கள்; மற்ற இருவரும் வேறு ஊர்ப் படகுகளுக்குப் போய்விட்டார்கள். ஒவ்வொருவரையும் மூட்டைமுடிச்சுடன் அக்கரையில் இறக்கிவிட்டவரும் அவரே. ஆகையால் அறுபது வயதிலும் அவரை இளைப்பாற விட ஊரில் ஆளில்லை. எர்மினியா கடைசியாகச் சுக்கானைப் பிடித்தது 2021ஆம் ஆண்டு நவம்பர் 14, ஞாயிற்றுக்கிழமை.